குளிராத நாடு

கம்யூனிஸ்ட் ஆட்சிக்கால புக்காரெஸ்டில் ஜனவரி மதியம். பதிப்பகத்தின் மூன்றாம் மாடி அறையில் சூடேற்றும் குழாய்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம்கூடப் பனி படிந்து, வெளிச்சம் மோர் போலக் கலங்கி விழுகிறது. பதிப்பாசிரியர் திபேரியு கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஸ்மராண்டா ஆறு வருடமாக எழுதிய நாவலைக் கையுறை விரல்களால் புரட்டுகிறார். ஒரு காலத்தில் அவர் நல்ல கவிஞர்; இப்போது வாராவாரம் பத்திரிகைகளுக்குத் தலைவர் துதி எழுதித் தருவதோடு சரி. பேசும்போது வாயிலிருந்து ஆவி பறக்கிறது. “தோழர், உங்க கதையில எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டே தூங்குறாங்க. நம்ம நாட்டுல யாரு வீட்டுல குளிருது? அத மட்டும் எடுத்துடுங்க, புத்தகம் வந்துடும்.” அவர் மூக்கு நுனியில் ஒரு துளி தொங்குகிறது, அவசரமாக உறிஞ்சிக்கொள்கிறார். ஸ்மராண்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆளாவது இருக்க வேண்டாமா?

“சரி தோழர். முதல்ல நீங்க கோட்டைக் கழட்டுங்க. அப்புறம் அவங்க கோட்டை நான் கழட்டுறேன்.”

அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றுவிடுகிறது. குரலைத் தாழ்த்துகிறார். “விளையாடாதீங்க. இத மாத்தலன்னா இனி உங்க பேரு எந்த அட்டையிலயும் வராது.”

“உங்க பேருதான் வாராவாரம் வருதே. யாராவது படிக்கிறாங்களா?”

திபேரியுவின் காதுமடல்கள் சிவக்கின்றன. அவள் தாள்களை நாடாவால் இறுகக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுகிறாள். முதுகுக்குப் பின்னால் குரல் கெஞ்சுகிறது: “கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிருது.”

அவள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படியிறங்குகிறாள்.