மிளகளவு சதை

“ஏத்தா, நீ டாக்டரா, கறிக்கடைக்காரியா?”

சோதனைக்குக் கொஞ்சம் சதையை அறுத்து எடுக்கணும் என்றதும் ஜக்கம்மாள் போட்ட சத்தத்தில் நாகல் நகரிலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

கட்டிலில் அவள் புருசன் மூக்கையா. தக்காளித் தோட்டத்தில் துருப்பிடிச்ச ஆணி ஏறின பாதம், இருபது நாளாகியும் ஆறாமல் சீழ் கோத்துக் கிடந்தது. உடம்பில் சர்க்கரை வேறு.

சின்ன வயசு டாக்டரம்மா தமிழ்மதி, முதலில் உப்புத்தண்ணி விட்டுப் புண்ணைக் கழுவினார்.

“சோதிக்க வேண்டிய சீழையே கழுவிப்புட்டியே!”

“மேல இருக்கிற சீழ்ல ஊருப்பட்ட கிருமி கெடக்கும்மா. சதைய அரிக்கிறது எதுன்னு உள்ளேருந்து எடுத்தாத்தான் தெரியும். மிளகளவு போதும்.”

“முன்னாடி பஞ்சுக்குச்சிய வச்சுத் தடவித்தான எடுத்தாக?”

“அத வச்சுக் குடுத்த மாத்திரை கேக்கலையே. இன்னொருக்கா மருந்து தப்புனா, கால் தங்காதும்மா.”

ஜக்கம்மாள் புருசன் காலைப் பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமிக்கு, கால் மரத்துப்போச்சு என்று முழங்காலோடு எடுத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

டாக்டர் கத்தியை எடுத்தார்.

“ஐயோ! ஆத்தா! உசுரு போகுதே!” மூக்கையா அலறினார்.

“பாவி மக! ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? ஒங்கப்பன் காலா இருந்தா இப்பிடி அறுப்பியா?”

டாக்டர் குனிந்த தலை நிமிராமல் வேலையை முடித்து, சதைத் துணுக்கைச் சின்ன டப்பியில் போட்டு மூடினார்.

மூக்கைச் சிந்திக்கொண்டே ஜக்கம்மாள் வெளியே போனாள்.

“ஏங்கய்யா, நான் கத்திய வைக்கிறதுக்கு முந்தியே கத்துனீங்களே?” என்றார் டாக்டர், மெதுவாக.

மூக்கையா கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

“அந்தக் கால்ல உணர்ச்சியே இல்ல தாயி. எனக்கு வலிக்கலன்னு தெரிஞ்சா, காலு போச்சுன்னு அவ இப்பவே பயந்து செத்துருவா. சொல்லிப்புடாத.”

டப்பியோடு வெளியே வந்த டாக்டரின் கையை, வராந்தாவில் நின்ற ஜக்கம்மாள் எட்டிப் பிடித்தாள்.

“நான் வைஞ்சத மனசுல வச்சுக்கிராத தாயி. கட்டு மாத்துறப்ப கிள்ளிக் கிள்ளிப் பாத்துட்டேன், அவுகளுக்கு ஒண்ணும் ஒறைக்கல. இன்னிக்கு நான் ஒன்னிய வையலன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அந்த மனுசன் பயந்துருவாக!”