மேலுதடு

"மாப்பிள்ளை மொதல்ல மீசைய எடுக்கட்டும். அப்பறம் நான் எடுக்குறேன்."

கண்ணாத்தாள் சபையில் சொல்லியே விட்டாள். 'மாப்பிள்ளைகிட்ட அது வேணும் இது வேணும்னு வாயத் தொறந்துராத' என்று காலையிலிருந்து ஓதிய அம்மா மூக்காயி, அடுப்படி வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கறம்பக்குடியில் அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் கண்ணாத்தாள். மாப்பிள்ளையின் அம்மா, புதுக்கோட்டைக்காரி சொர்ணவல்லிக்கு அந்தப் பட்டம் கண்ணில் படவில்லை. போன வாரம் கோயிலில் பெண்ணைப் பார்த்தபோது, மேலுதட்டுப் பூனைமுடி மட்டும் பட்டது. மறுநாளே ஆள் மூலம் ஒரு டப்பா முடி நீக்கும் பவுடர் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை நாகராசு சிரித்தான். தனக்கென்று தனியாக வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்துச் சந்தனத்தை இரண்டு விரலால் வழித்துக் கழுத்தில் பூசினான். மிச்சத்தோடு மீசையை முறுக்கினான்.

"எங்க அய்யா மீசைக்கு அரமனையிலயே மரியாதைங்க. ராசா போயி பத்து வருசமாச்சு, மீசை போகல."

"கேட்டுக்க" என்றாள் சொர்ணவல்லி. "ஆமா, நான் குடுத்தனுப்புன டப்பாவத் தொறக்கவே இல்லியா?"

"தொறந்தேங்க. எரியுமோன்னு யோசனையா இருந்துச்சு."

"எரியவே எரியாது. பச்சப்புள்ளைக்கே பூசலாம். கொழச்சுத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் தொடச்சா வழுவழுன்னு ஆயிரும்."

"கஸ்தூரி மஞ்சளும் குப்பமேனியும் அரைச்சுப் பூசட்டுங்களா?" என்றாள் மூக்காயி.

"அது உதிர்றதுக்குள்ள பேரன் பொறந்துருவான்."

"என் சவரக் கத்தி..." என்று இழுத்தார் அப்பா சேவுகன்.

"கத்தி பட்டா கட்ட கட்டயா மொளைக்கும்! படிக்க வச்சீகள்ல? பொம்பளப் புள்ள காலேசுக்குப் போனா மீசை மொளைக்காம என்ன செய்யும்?"

நாகராசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு மூக்கைச் சுளித்தான். "என்னங்க இது, கூமுட்ட வாடை அடிக்குது?"

"சாக்கடையா இருக்கும்" என்று கூசினார் சேவுகன்.

வாடை தெரியாமலிருக்க இன்னும் கொஞ்சம் சந்தனத்தை எடுத்து மூக்கடியில் அப்பிக்கொண்டான் நாகராசு.

"முடிவாச் சொல்லு" என்றாள் சொர்ணவல்லி. "பவுடரைப் பூசுறியா, நாங்க எந்திரிக்கவா?"

"சரின்னு சொல்லிரு, ஆத்தா" என்று மகளிடம் கெஞ்சினார் சேவுகன். "இது கலைஞ்சா இன்னொருத்தன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்."

கண்ணாத்தாள் எழுந்தாள். கதவோரம் காலையிலேயே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"விராலிமலைப் பள்ளிக்கூடத்துல நாளைக்கு வேலைக்குச் சேரணும்ப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அப்ப என் பவுடரு?" என்று கத்தினாள் சொர்ணவல்லி.

"டப்பா காலிங்க. எரியுதா, எரியலையான்னு ஒங்க மகன்கிட்டயே கேளுங்க. அவரு கிண்ணத்துலதான் கொழச்சு வச்சேன்."

அவள் படியிறங்கித் தெருவில் கால் வைத்தபோது, நாகராசு பதறித் துடைத்த கைக்குட்டையில் சந்தனத்தோடு சேர்ந்து பாதி மீசையும் வந்திருந்தது.