ஓரத்துக்கு இன்னொரு பூச்சு

பிறந்த அன்றைக்கே பேத்தி தன்னைப் பார்த்துக் கண்ணடித்தாள் என்றார் அவர்.

வலது கண்.

அடித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று நர்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாளாம். அப்புறம் கொட்டாவி விட்டாளாம், ஏதோ நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவள் மாதிரி.

மொட்டைமாடியில் இரண்டு ஸ்டூல்களின் மேல், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை கிடந்தது. அதன் ஓரத்துக்குப் பிரைமர் பூசிக்கொண்டேதான் சொன்னார். பிரஷ் நிற்கவில்லை.

படிக்கட்டு வாசலில் நின்ற மகள் முத்துச்செல்வி சிரிக்கவில்லை. அழவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அவ கண்ணு முழிச்சாளா?

வயிற்றை அறுத்து எடுத்த மயக்கத்தில் கிடந்தாள். தெளிந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. முகம்கூடப் பார்க்கவில்லை. அவள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்கள். நீ ரெஸ்ட் எடு.

இவர் ஒருவர்தான் நேராகப் பதில் சொன்னார்.

இவர் சொன்னதுதான் கஷ்டம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கிரேனுக்கு ஒரு திமிங்கலம் வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறது. அவர் தும்மியதில் நங்கூரம் போட்ட கப்பல் ஒன்று திசை திரும்பியிருக்கிறது. நாளைக்கும் சூரியன் கிழக்கேதான் உதிக்கும் என்று அவர் சொன்னால், தெருவில் நாலு பேர் மேற்கே திரும்பிப் பார்ப்பார்கள்.

"சத்தியமாப்பா?"

"சத்தியமா மக்கா."

அவரிடம் சத்தியங்கள் நிறைய இருந்தன. ஒன்றும் செல்லாது.

கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி தங்கபுஷ்பம். முதுகைத்தான் காட்டினாள். விருந்தாளிகள் முன்னாலேயே, "திமிங்கலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய டயரு" என்று சொல்லிவிட்டுக் காப்பியை நீட்டுகிறவள்.

அவர் பிரஷ்ஷை மறுபடி தோய்த்தார்.

பலகையின் முகம் சமர்த்து. ஒரு பூச்சில் அடங்கிவிடும். அறுத்த ஓரம் அப்படியில்லை. பூசப் பூசக் குடிக்கும். காய்ந்ததும் பூனைமுடி மாதிரி சிலிர்த்து நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மன்னார் வளைகுடாவை வாளியில் மொண்டு கொடுத்தாலும் குடித்துவிட்டு ஏப்பம் விடும் என்பார்.

அப்படியே விட்டால் இந்த ஊர் உப்புக்காற்றில் ஓரம் உப்பிப் பிளந்துவிடும்.

"இனி அது எதுக்கு. அவ கண்ணுல படாம உள்ள தூக்கி வைங்க" என்று காலையில் தங்கபுஷ்பம் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு பூச்சு" என்றார். அதைத்தான் நேற்றும் சொன்னார்.

பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கி வைக்கக் கூடாது. வீட்டு வழக்கம். அதனால் செருப்பு அடுக்க என்று சொல்லித்தான் பலகையை அறுத்தார். மேல் ஓரத்தில் ஒரு பிறை வெட்டினார். செருப்பு ரேக்குக்கு எவனாவது பிறை வெட்டுவானா?

தொட்டில் என்று தங்கபுஷ்பம் அன்றைக்கே கண்டுகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவர் தூங்கியிருப்பார்.

முத்துச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். பிறையின் வளைவில் விரலை வைத்தாள். ஈரம். விரல் வெள்ளையாயிற்று.

"இது செருப்புக்காப்பா?"

"ஆமா மக்கா."

"பொய்."

பிரஷ் நின்றது.

"ஆமா" என்றார்.

"அப்போ அவ கண்ணடிச்சது?"

அவர் வாயைத் திறந்தார். திமிங்கலத்தை ஒதுக்கிய வாய். பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டார்.

அவள் கொடிப்பக்கம் திரும்பினாள்.

"எம்மா. நீ சொல்லு."

அந்த வீட்டில் அம்மா சொன்னால் சொன்னதுதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையை வைத்திருந்த இன்குபேட்டர் கண்ணாடிப்பெட்டி அறைக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். அவர் போனார். தங்கபுஷ்பம் கடைசிவரை வராந்தாவில், அவர் கழற்றிப் போட்ட செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தங்கபுஷ்பம் ஒரு துண்டை மடித்தாள். உதறினாள். மறுபடி மடித்தாள்.

"ஏளா, ஒங்கப்பா சொல்லுதத அப்படியே நம்பாத" என்றாள்.

மகளின் முகம் தொங்கிப்போயிற்று.

தங்கபுஷ்பம் வந்து அந்த வெள்ளை விரலைப் பிடித்து, துண்டால் துடைத்தாள். நகத்தின் ஓரம்வரை துடைத்தாள்.

"கண்ணடிச்சா. அது நெசந்தான். ஆனா வலது கண்ணு இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எடது."