நாலு மணிப் புகை

அலாரம் கம்பெனியிலிருந்து வந்திருந்த அவள் ஏணியின் உச்சிப்படியில் நின்று பழைய ஸ்மோக் டிடெக்டரைத் திருகிக் கழற்றினாள்.

உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடுகள் இருந்தன.

பதினாறு வருடம் கூரையில் தலைகீழாகத் தொங்கி மஞ்சளாகிப்போன டிடெக்டர். தனியாக இருந்திருக்காது என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கீழே பட்டுச்சேலைப் பிரிவு. கடையின் மூன்றாம் மாடி. பதினோரு விற்பனைப் பெண்கள் சேலை மடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்கள்.

"கத்தாததா ஒண்ணு மாட்டுங்கம்மா," என்றார் மேனேஜர் சௌந்தரபாண்டி. "தெனம் நாலு மணியாச்சுன்னா ஊளையிடுது. கஸ்டமர் சிரிக்கிறாங்க."

சுவரிலிருந்த அலாரம் பேனலின் பதிவும் அதையேதான் சொன்னது. தொண்ணூறு நாள். தொண்ணூறு அலாரம். எல்லாம் நாலு மணிக்கு. ஒரு தீயும் இல்லை.

காரணத்தை வாட்ச்மேன் காலையிலேயே சொல்லிவிட்டார். சாம்பிராணி பாய். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு கடையாகப் புகை காட்டிக்கொண்டு வருகிறவர் இங்கே வந்து சேர நாலு ஆகிவிடும். கல்லாவுக்குக் காட்டிய புகை அங்கே நிற்பதில்லை. அவசரமில்லாமல் படியேறும். மூன்றாம் மாடிக்கு வந்து இந்த மஞ்சள் மூக்கைத் தொடும்.

கண்ணாடி மேசைமேல் மூன்று புதிய டிடெக்டர்களை வரிசையாக வைத்தாள். மூன்றும் இட்லி போல வெள்ளை. மூன்றுக்குமே பழைய பேனலோடு பேசத் தெரியும்.

ஒன்றுக்கு மூக்கு மட்டும். எந்தப் புகைக்கும் கத்தும்.

இன்னொன்றுக்குத் தோல் மட்டும். சுட்டால்தான் கத்தும்.

மூன்றாவதற்கு இரண்டும் உண்டு. கூடவே கொஞ்சம் பொறுமையும்.

மூன்றாவதை எடுத்தாள்.

"அக்கா."

சேலை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு பெண். தோளில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை முத்துப்பேச்சி என்றது.

"புதுசு கத்தாதா?"

"சாம்பிராணிக்குக் கத்தாது."

மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"கத்துனா நாங்க எல்லாரும் கீழ எறங்கிரணும்க்கா. அலாரம் சாவி வச்சிருக்கிற அண்ணன் குடோன்லருந்து வந்து அமத்துற வரைக்கும் மேல வரக்கூடாது. ஏழு நிமிசம் ஆகும்."

"ஏழு நிமிசம் வெளிய என்ன பண்ணுவீங்க?"

முத்துப்பேச்சி ஜன்னலைப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் டீக்கடை. மாஸ்டர் பதினோரு கிளாஸ்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீளமாக ஒரு பெஞ்சு. காலியாக.

அவள் மாடியைச் சுற்றிப் பார்த்தாள். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். மேசைக்கு இந்தப் பக்கம், விற்கிற பெண்கள் நிற்குமிடத்தில், ஒரு ஸ்டூல்கூட இல்லை.

மணி மூன்று ஐம்பது.

பழையதைத் துடைத்து, ஓடுகளைத் தட்டிவிட்டு, மறுபடி மாட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது.

ஆனால் நிஜமாகவே தீப்பிடிக்கிற நாளில் கஸ்டமர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

ஏணியில் ஏறினாள். பொறுமையுள்ளதைத் திருகினாள். பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

நாலு மணிக்கு வாசம் முதலில் வந்தது. பின்னால் புகை. பட்டுகளின் மேல் உலாவியது. ஒரு மாம்பழ நிறச் சேலையிடம் கொஞ்சம் நின்றது. மேலே போய் டிடெக்டரைச் சுற்றியது.

டிடெக்டர் யோசித்தது.

கத்தவில்லை.

மேனேஜர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

"போச்சுடி பேச்சி," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பாய் இன்னைக்கு வீணாப் புகை போட்டுட்டுப் போறாரு."

எதிர்ச்சாரியில் டீ மாஸ்டர் மேலே அண்ணாந்து பார்த்தார்.

அவள் பையிலிருந்து பராமரிப்புப் படிவத்தை எடுத்தாள். 'அலாரம் ஒத்திகை: வாரம் ஒருமுறை' என்று அச்சாகியிருந்தது. வாரம் ஒருமுறை என்பதை அடித்துவிட்டுத் தினமும் என்று எழுதினாள். நேரம், மாலை நாலு.

மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"தெனமுமா?"

"புது மாடல் சார். ஆளுங்க பழகணும்ல. சைரன் வேண்டாம், சின்ன மணி போதும். ஆனா இந்த மாடி ஸ்டாஃப் எல்லாரும் ரோட்டுக்கு எறங்கிரணும்."

"கஸ்டமர் சிரிப்பாங்களே?"

"தெனமும் ஒத்திகை பாக்குற கடைன்னு பெருமையாச் சொல்லலாம் சார். இந்தத் தெருவுல வேற யாரும் பண்றதில்ல."

பெருமை என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. 'பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்லிராதீங்க' என்றபடி கையெழுத்துப் போட்டார்.

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. வெளியே இருக்க வேண்டிய நேரம், எத்தனை நிமிடம்?

படிவத்தோடு முத்துப்பேச்சியிடம் போனாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த டீ ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

முத்துப்பேச்சி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"பத்து நிமிசம் ஆகும்க்கா," என்றாள். "ரொம்பச் சூடாத் தருவாரு."

அவள் படிவத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள்.

பிறகு, மணி வேலை செய்கிறதா என்று பார்க்க, பேனலின் ஒத்திகைப் பொத்தானை அழுத்தினாள்.