மயில் கழுத்து இழை

"இந்த மாசம் நாலு புஸ்தகம்மா. மூணு தேறிச்சு. அந்தக் கப்பல்காரன் கதை மட்டும் ஒரே பேஜார். நூறு பக்கத்துக்குத் தண்ணியவே காட்டிகினு இருக்கான்."

ஜெயவேல் புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னான். அன்றைக்கு அமாவாசை, ஆரணியில் தறிகள் ஓயும் நாள். மற்ற நெசவுக்காரர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவன் லைப்ரரிக்குப் போவான். அமாவாசைக்கு அமாவாசைதான் இவனுக்குப் படிப்புக் கணக்கு.

அம்மா விருத்தாம்பாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புஸ்தகம் தேறினது இருக்கட்டும். போளூர் பொண்ணு வேணான்ன, தேசூர் பொண்ணு வேணான்ன. களம்பூர்க்காரங்களுக்கு இன்னிக்கு பதில் சொல்லியாவணும்."

"வேணான்னு சொல்லிடு. நான் பொண்ணு பாத்துட்டேன்."

முறத்தில் ஓடிய விரல் நின்றது. "யார்ரா அது?"

"மொகத்த இன்னும் பாக்கல."

"ஜுரம் கிரம் அடிக்குதா உனக்கு?"

அவன் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். பக்கத்துக்கு நடுவில் ஒரு பட்டு இழை. இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. மயில் கழுத்து நிறம்.

"தேறின மூணுலயும் இது இருக்குது. எனக்கு முன்ன படிச்சவங்க வெச்சது. படிச்சி நிறுத்தின எடத்துக்கு அடையாளம்னா ஒண்ணு போதும். இதுல ஏழெட்டு கெடக்குது. மனசுல தச்ச எடமா பாத்து வெச்சிருக்குது. கலரைப் பாரு, நம்ம தறியில ஓடற அதே கலரு. எப்பிடிப் பொருத்தம்?"

"மொதலாளி இந்தக் கலரை ஊர் பூராவும்தான் குடுத்திருக்காரு," என்றாள் அம்மா, முறத்தைப் பார்த்தபடியே.

"வெச்ச எடத்தைக் கேளும்மா. பையன் லேட்டா வர்றான், அம்மாக்காரி சாப்பிடாம உக்காந்துகினு இருக்கா. அங்க ஒண்ணு. முட்டி வலிக்குதுன்றா, ஏன்னு கேக்க ஆளு இல்ல. அங்க ஒண்ணு. காதல் பண்ற எடத்துல இல்ல, கொலை விழற எடத்துலயும் இல்ல. எல்லாம் தாயாருங்க படற பாடுதான். இப்பிடி எரக்கமுள்ள பொண்ணு மருமகளா வந்தா உன்னைத் தங்கமாட்டம் பாத்துக்குவா."

"கெழவனா இருந்தா?"

"ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கம்மா தோணும்?"

"அத்தச் சொல்லு," என்றாள் விருத்தாம்பாள்.

"நேத்து தறி முடிஞ்சதும் லைப்ரரிக்கே போய் அங்க இருக்கறவரைக் கேட்டுட்டேன். மொதல்ல சொல்ல மாட்டேன்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன், சொன்னாரு. மூணும் ஒரே கார்டுல போயிருக்குதாம். கொசப்பாளையம் தருமன் பொண்ணு லீலா. உனக்குத் தெரியுமா?"

விருத்தாம்பாள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"கோயிலாண்ட பாத்திருக்கேன். நல்ல பொண்ணு."

"அப்ப நீயே போய்க் கேளு. அது மாட்டேன்னுட்டா எனக்குக் கல்யாணமே வேணாம்."

"சரி, வர்ற மாசத்துக்கு என்ன எடுக்கப் போற?"

"அந்தக் கார்டுல போன மத்த புஸ்தகங்களைக் கேட்டு வெச்சிருக்கேன். அதான்."

"ஒரு போலீஸ் கதையாவது எடேன். உனக்குப் புடிக்குமே."

"அதுல இழை இருக்காது," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். "உனக்கெங்க இதெல்லாம் புரியப் போவுது? எழுத்தைக் காட்டினா கோலம்னுவ."

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் லீலா மடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பூஜைக்கு வேறு யாரும் இன்னும் வரவில்லை.

"என்ன அத்தே, சிரிச்சிகினே வர்றீங்க?"

"என் புள்ள உன்னைக் கட்டிக்கிறேன்றான். நீ சரின்னா உங்கப்பா கிட்ட வந்து பேசறேன்."

லீலா தலையைக் குனிந்துகொண்டாள். கால் கட்டைவிரல் கல்தரையில் என்னவோ எழுதியது.

"தினம் வந்தா அவர் பேச்சுதானே பேசறீங்க. ஊர்ல இவ்ளோ படிக்கிற ஆளு வேற யாரு இருக்காங்க. எனக்கு சம்மதம்தான். ஆனா அவருக்கு என்னை எப்பிடித் தெரியும்?"

விருத்தாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் கிடந்த இழைகளைப் பற்றி மகன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க லீலாவின் கண்கள் விரிந்தன. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஐயோ அத்தே, இது எங்க போய் முடியும்? உண்மையச் சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். வெத்தலை பாக்கு மாத்தட்டும். கோலம்னா கேலி பண்றான்?"

விருத்தாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தறியில் மிஞ்சிய மயில் கழுத்து இழை ஒன்றை வெளியே எடுத்தாள். லீலாவின் மடியிலிருந்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தாள்.

"எழுத்தைச் சொல்லிக் குடுத்து, உன் கார்டுல புஸ்தகமும் எடுத்துக் குடுத்த டீச்சரம்மா, இன்னும் ஒரே ஒரு ஒத்தாசை பண்ணு. புருஷன்காரன் விடியக்காலம் எழுந்து பொண்டாட்டிக்குக் காப்பி போட்டுக் குடுக்கற எடம் இதுல எங்கனா வருதான்னு தேடு. அவன் கைக்குப் போறதுக்குள்ள அங்க ஒண்ணு வெச்சிடறேன்."