படிக்க முடியாத இடம்

டிஸ்க் மறுபடியும் முடியாது என்றது.

கணினியைச் சரிபார்க்க வந்திருந்த அவள் கறுப்புத் திரையில் அந்த வரியைப் படித்தாள். வகை மூன்று: பரப்பில் கோளாறு. பக்கத்தில் ஓர் எட்டு இலக்க எண். எந்த இடம் என்று டிஸ்க் துல்லியமாகச் சொல்லியிருந்தது.

ரத்த வங்கியின் மேசைத் திரையில் 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று மட்டும் இருந்தது.

"ஒங்ககிட்ட இவ்வளவு பேசுது. எங்களுக்கு ஒத்த வரிதானா?" என்றார் டெக்னீஷியன் ஜெபமணி.

கோப்பில் இருந்தது பம்பாய் வகை என்கிற மிக அரிய ரத்தம் உள்ளவர்களின் பட்டியல். மாவட்டத்துக்கே ஒன்பது பேர். பிரசவ வார்டில் அதே வகை ரத்தமுள்ள ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வேறு எந்த ரத்தத்தையும் அவள் உடம்பு ஏற்காது.

டிஸ்க் சொல்வதை முதலில் கேட்பது டிரைவர் என்கிற சிறு நிரல். வகை மூன்று என்றால் அது ஐந்து முறை திரும்பக் கேட்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே கடகடவென்று சத்தம்.

"கேட்டுக் கேட்டே கொன்னுரும் போலிருக்கே" என்றார் ஜெபமணி.

அவள் மறுமுயற்சியைப் பூஜ்யமாக்கினாள். அந்த இடத்தைத் தாண்டி மற்றதை எடுத்தாள்.

எட்டுப் பெயர்கள் வந்தன. ஐந்தாவது இடம் வெறுமை.

ஜெபமணி வரிசையாக அழைத்தார். ஒருவர் துபாயில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தவர். ஒருத்தி கர்ப்பிணி. மற்றவர்கள் எடுக்கவில்லை.

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள்.

அதே எண். மார்ச்சிலிருந்து நாற்பத்தோரு முறை. அப்போதெல்லாம் வகை ஒன்று: சிரமப்பட்டுப் படித்துவிட்டேன்.

தரவு கிடைத்துவிட்டதால் டிரைவர் குறித்துக்கொண்டதோடு சரி. மேலே சொல்லவில்லை. விதி அப்படி.

அவள் நேரங்களைப் பார்த்தாள். ஆறு பத்து. ஆறரை. ஏழு. எல்லாமே காலை.

இப்போது பகல் மணி இரண்டு. ஏசி ஓடவில்லை. டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரத்தப் பைகள் இருந்த குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

"அதுக்கு என்ன குரூப்பு?" என்றார் ஜெபமணி. அவரே சிரிக்கவில்லை.

பதினைந்து நிமிடம்.

திரும்ப மாட்டினாள். மறுமுயற்சி: ஒன்று.

கடகட.

வகை ஒன்று.

ஐந்தாவது பெயர் வந்தது. ஜெபமணி அவரது தொலைபேசி எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"ரத்த வங்கியிலேருந்து பேசுறோம்..."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.