ஜன்னலோரத்துச் சாம்பல் நிறம்

கலர் மைகளைக் கலந்தே சாம்பல் நிறம் காட்டும் பிரிண்டர் அது. ட்யூப்லைட்டில் ஒழுங்காக இருக்கும் கருப்பு வெள்ளைப் படம் ஜன்னலோரம் போனதும் வேறு நிறம் காட்டும். ஸ்டூடியோக்காரருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது; மனைவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். முந்தாநாள் சண்டைக்குப் பிறகு அவளோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காயாத படத்தை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தவள் நின்று குனிகிறாள். "பச்சையடிக்குது" என்கிறாள், சுவரைப் பார்த்து. அவர் பச்சையைக் குறைக்கிறார். பிரிண்டர் முனகி முனகி அடுத்த தாளைத் தள்ளுகிறது. "இப்ப ரோஸ்." மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "ம், சரியா வந்திருச்சு." அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு தாளைச் செருகுகிறார். "அதான் சரியா இருக்குன்னேன்ல. மை வீணாப் போகுது" என்கிறாள். ஜன்னலை விட்டு நகரக் காணோம்.